பிடித்தம் இல்லாத சம்பளம்

ஆட்டோவின் முன்கண்ணாடிக்கு மேலே, முருகன் படத்துக்குப் பின்னால், மூன்று படிவங்களைப் பத்து நாளாகச் செருகி வைத்திருந்தேன். காலையில் வண்டியை எடுக்கும்போது ஒன்று மேலே இருக்கும். பசறையிலிருந்து பதுளைக்குப் போய்த் திரும்புவதற்குள் அதை அடியில் தள்ளிவிட்டு இன்னொன்றை மேலே வைத்திருப்பேன். மூன்றும் ஓய்வூதியக் கணக்குப் படிவங்கள். அறுபது வயதுக்குப் பிறகு என் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதை அவற்றில் ஏதாவது ஒன்றில் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு நாற்பத்தொன்பது முடியப் போகிறது. ஐம்பது பிறந்துவிட்டால் சேர்க்க மாட்டார்கள்.

அந்தப் படிவங்களைக் கொடுத்த அலுவலகத்துக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை, முதுகுதான் போக வைத்தது. பசறை றோட்டு வளைவுகளில் இருபத்திரண்டு வருடம் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி, தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமும் என்னிடம் முறையிட ஆரம்பித்திருந்தன. தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குச் சேமலாபக் காசு உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், தோட்டமும் கொஞ்சம் சேர்த்துக் கட்டும், வயதானதும் கைக்கு வரும். ஆட்டோக்காரனுக்கு யார் பிடிப்பது, யார் சேர்ப்பது? என் வண்டிக்கு நானே துரை, நானே கணக்கப்பிள்ளை, நானே கூலி. மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். அவன் தலையில் போய் விழ எனக்கு மனமில்லை, அவன் தலையும் அவ்வளவு பாரம் தாங்காது.

பதுளை அலுவலகத்தில் எனக்கு விளக்கம் சொன்னவர் மாற்றலாகி வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். பொறுமைசாலி. நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்ததை அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு விளக்கத்தை ஆரம்பித்தார்.

"மூண்டு வகை இருக்குது ஐயா. முதலாவது, அறுபது வயசில மொத்தக் காசையும் ஒரே தரத்தில எடுக்கிறது. ரெண்டாவது, மாசாமாசம் நீங்கள் உயிரோட இருக்கும்வரைக்கும் வாறது. உங்களுக்குப் பிறகு ஒருத்தருக்கும் இல்லை. மூண்டாவது, உங்களுக்கும் மனிசிக்கும் சேர்த்து. நீங்கள் இல்லாட்டியும் அவவுக்கு வரும். ஆனா தொகை குறையும்."

"எவ்வளவு கொறையும் மேடம்?"

"ரெண்டாவதில பத்து ரூபா எண்டால், மூண்டாவதில ஏழு ரூபா எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ." பேனாவை மேசையில் தட்டினார். "உங்கட மனிசிக்கு வேற ஏதும் ஓய்வூதியம் இருக்கோ?"

"அவளுக்குச் சேமலாபம் இருக்குங்க. பதினெட்டு வயசுலேர்ந்து கொழுந்தெடுக்கிறா."

யோசிக்கவே இல்லை. பேர் என்ன என்று கேட்டால் பேரைச் சொல்வதுபோல் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு ரெண்டாவது பொருந்தும். ஆனா அதுக்கு அவவின்ர கையெழுத்தும் வேணும். உங்களுக்குப் பிறகு தனக்கு ஒண்டும் வராது எண்டு தெரிஞ்சுதான் சம்மதிக்கிறா எண்டு."

எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று படிவத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே பிடித்தது சனி.

மதில்மேல் பூனை என்பார்கள். பூனையாவது மதில்மேல் சும்மா உட்காரும், நான் அப்படிக்கூட உட்காரவில்லை. வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் கேட்டேன். வேலையிலிருந்து ஓய்ந்த ஒரு கணக்கப்பிள்ளை மொத்தமாக எடுத்தவர். "எடுக்காத தம்பி" என்றார். அவர் எடுத்த வருடம் உறவுக்காரர்கள் எல்லாரும் அவரை மாமா என்று கூப்பிட்டார்களாம், அடுத்த வருடம் ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லையாம். அவரை இறக்கிவிட்டதும் மொத்தத் தொகைப் படிவம் அடிக்குப் போனது. அடுத்து ஏறிய கடைக்காரர், "நாளைக்குக் கிடைக்கிற பலாக்காயைவிட இன்னைக்குக் கிடைக்கிற களாக்காய் மேல்" என்றார். அந்தப் படிவம் மறுபடி மேலே வந்தது. பெட்ரோல் வரிசையில் இரண்டு நாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்ற காலத்தை நான் மறக்கவில்லை. அந்த ஒரே வருடத்தில் ரூபாய் என்ன ஆனது என்பதும் தெரியும். பத்து வருடம் கழித்து வரும் பத்து ரூபாய்க்கு டீக்கடையில் ஒரு பனிஸாவது கிடைக்குமா? மீரியபெத்தயில் மலை சரிந்து லயத்து வீடுகளையே மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் இருபது வருடம் தள்ளி நடக்கப் போவதை முழுமனதோடு பேசுவதில்லை. பெரிய மழை பெய்தால் எனக்கு ஓய்வூதியம் வேண்டாம், இன்றைக்கு மலை நின்றால் போதும் என்று தோன்றும். வெயில் வந்ததும் திரும்பவும் படிவத்தை எடுப்பேன்.

கடைசியில் எனக்கே என்மேல் சலிப்பு வந்து, அந்தப் பெண் சொன்ன இரண்டாவது வகையே என்று முடிவு செய்தேன். பத்து ரூபாய், சாகும்வரை, அலட்டல் இல்லை. அவளுக்குத்தான் அவளுடைய சேமலாபம் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மனைவி எங்கள் லயத்து வீட்டுக் காம்பரா வாசலில் உட்கார்ந்து, விரல்களில் ஏறியிருந்த கொழுந்துக் கறையைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னங்க இது?"

"என் ஓய்வூதியக் கணக்கு. நான் இருக்கிற வரைக்கும் மாசாமாசம் காசு வரும். நான் போனப்புறம் நின்னுடும். அது ஒனக்குத் தெரியும்னு எழுதித் தரணுமாம்."

"நீங்க போனப்புறம் நான் என்னத்தத் திங்கிறது?"

"ஒனக்குத்தான் சேமலாபம் இருக்கே."

தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு ஏதுங்க சேமலாபம்?"

நான் சிரித்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

"கல்யாணத்தப்பவே எடுத்தாச்சே. ஒங்க ஆட்டோவுக்கு முற்பணம் கட்டினது எதுலன்னு நெனச்சீங்க?"

"அது பழைய கத. இங்க வந்தப்புறம் சேர்ந்தது எங்க?"

"இங்க பேரு பதிய வேணாம், கைக்காசுக்கே போன்னு சொன்னது யாரு?"

சொன்னது நான்தான். அவள் கேட்ட அந்த நிமிடத்தில் எல்லாம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய நிமிடம் வரை எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கல்யாணமாகி வேலையை விடும் பெண்கள் சேமலாபக் காசை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அவள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கத்துப் பெண். அங்கே நாலைந்து வருடம் பேர் பதிந்து வேலை செய்தவள். எங்கள் தோட்டத்துக்கு மருமகளாக வந்ததும் அங்கே பேரை வெட்டினார்கள். வெட்டியதும் காசுக்கு எழுதிக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் பல பெண்களின் சேமலாபம் இப்படித்தான் தாலி ஏறிய கையோடு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சில வீட்டில் அது டிவி, சில வீட்டில் கட்டில், எங்கள் வீட்டில் ஆட்டோ. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஒரு பழமொழி சொல்வார்கள். என் கதையில் நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. தின்றது மட்டும் நான்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். எங்கள் தோட்டத்தில் அவள் பேரைப் புதிதாகப் பதிந்திருக்கலாம். லயத்துக் காம்பராவை விட்டு எழுப்பாமல் இருக்க வீட்டில் ஒருவர் பேர் பதிவில் இருந்தால் போதும், என் அம்மாவின் பேர் இருந்தது. பதிந்தால் தினமும் காலையில் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நிற்க வேண்டும், சம்பளத்தில் பிடித்தமும் போகும். கைக்காசு என்றால் எடுத்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் முழுசாகக் கைக்கு வரும். எனக்கு ஆட்டோவுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தது. பிடித்தம் இல்லாத சம்பளம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவள்மேல் காட்டினேன்.

"இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சம்பளத்த வாங்கினது நீங்க. சம்பளத் துண்டும் ஒங்க கையிலதான வந்துச்சு? பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

அதுவும் சரிதான். சம்பள நாளில் பெண்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள், புருஷன்மார் வரிசையில் நின்று அவர்கள் சம்பளத்தை வாங்குவார்கள். என் அப்பா அம்மாவின் சம்பளத்தை வாங்கினார். நான் இவளுடையதை வாங்கினேன். யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. இப்போது சில வருடமாக அவளே வாங்கிக்கொள்கிறாள். அதுவும் நான் திருந்தியதால் அல்ல, சம்பளம் போடும் நேரமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் நேரமும் ஒன்றாகிவிட்டதால்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. எந்தக் காகிதத்தையும் எறியாத பழக்கம் எனக்கு. இழுத்துத் திறந்தேன். அவளுடைய சம்பளத் துண்டுகள் வருடவாரியாக ரப்பர் வளையம் போட்டு இருந்தன. முதலில் எனக்குத் தெரிந்தது அவற்றின் பின்பக்கம்தான். பின்பக்கம் முழுக்க என் கையெழுத்து. பெட்ரோல், பிளக், டயர் ஒட்டு, கேபிள் வயர். சம்பளம் வாங்கி வந்த அன்றே துண்டைத் திருப்பிப்போட்டு வண்டிச் செலவை எழுதியிருக்கிறேன். இப்போதுதான் முன்பக்கம் திருப்பினேன். கிலோ எழுதியிருந்தது, காசு எழுதியிருந்தது. சேமலாபம் என்ற கட்டத்தில் தோட்டத்துக் கிளாக்கர் ஒரு கோடு போட்டிருந்தார். அடுத்த துண்டிலும் கோடு. அதற்கு அடுத்ததிலும் கோடு. சில மாதம் நீல மையில், சில மாதம் கறுப்பு மையில். எல்லாத் துண்டையும் பார்த்தேன். ஒன்றிலாவது ஒரு எண் இருந்துவிடாதா என்று பார்த்தேன்.

வெட்கமாக இருந்தது. பின்னேரம் டிரிப் ஒன்றும் இல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு பசறை வரைக்கும் போய்ச் சும்மா திரும்பி வந்தேன்.

மறுநாள் காலையில் பெரிய மனிதனாக எழுந்தேன். "மூணாவது வகையே போடுறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து. எனக்குப் பின்னாடி ஒனக்கும் வரும்" என்றேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"நானும் பதுளைக்கு வர்றேன். என்ன ஏதுன்னு என் காதால கேக்கணும்."

"ஒரு நாள் காசு போகுமே."

"போகட்டுங்க."

அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வழியில் கைகாட்டியவர்களை நான் ஏற்றவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு வளைவில் பஸ்காரனிடம் திட்டு வாங்கினேன். அவள் வெளியே தேயிலை மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம்.

அந்த அலுவலர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து மறுபடியும் மூன்றையும் விளக்கினார். இந்தத் தடவை என் மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் கடைசி வரை கேட்டாள். பிறகுதான் கேட்டாள்.

"இதே தவணைய என் பேர்ல கட்டுனா என்னங்க வரும்?"

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கணக்குப் பொறியை எடுத்துத் தட்டினார்.

"நீங்கள் அவரைவிட நாலு வயசு இளமை. கட்டுற வருசம் கூட. அவருக்குப் பத்து எண்டால் உங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். நீங்கள் உயிரோட இருக்கும்வரைக்கும். ஆனா..." என்று நிறுத்தினார். "அதில அவருக்கு ஒண்டும் இல்லை. நீங்கள் முந்திப் போனால் அவருக்கு ஒரு சதமும் வராது. அவரும் கையெழுத்து வைக்க வேணும்."

"ரெண்டு பேருக்கும் ரெண்டு கணக்குத் தொறந்தா?" என்றேன் நான்.

"தவணையும் ரெண்டு."

ஒரு தவணைக்கே நாக்குத் தள்ளும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சேர்த்துப் போட்டாலும் ஒனக்கு வருந்தானே?" என்று அவளிடம் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வரும். நீங்க போனப்புறம்" என்றாள். "நீங்க இருக்கையில ஒங்க கையிலதான வரும்?"

தலைவலிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிர்க் கடையில் ஒரு பிளேன்டீ வாங்கி, பாதியைக் குடித்து, மீதியை வைத்துவிட்டு நடந்தேன். பஸ் நிலையம் வரை போனேன், திரும்பினேன். எனக்குப் பயமாக இருந்தது. கிழவனாகி, வண்டியையும் விற்றுவிட்டு, வெற்றிலைக்கும் முகச்சவரத்துக்கும் அவளிடம் கை நீட்டுவதை நினைத்துப் பார்த்தேன். அவள், "போன வாரந்தான வாங்குனீங்க?" என்று கேட்பாள். அந்தக் கேள்வி எனக்கு எங்கேயோ கேட்ட குரலில் கேட்டது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் ரப்பர் செருப்பு அறுந்துவிட்டதென்று காசு கேட்டாள். "போன மாசந்தான வாங்கினே?" என்றேன். அன்றைக்குச் சம்பள நாள். அவளுடைய சம்பளம் என் சட்டைப் பையில் இருந்தது. அவள் செருப்பை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள்.

இதில் இன்னொரு பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் முந்திக்கொண்டால்? எங்கள் லயத்தில் கைம்பெண்கள் நிறையப் பேர், பெண்டாட்டியை இழந்து தனியாக இருக்கும் ஆண் ஒரே ஒருவர்தான். அவரை நினைத்தேன். தினமும் யாராவது ஒரு வீட்டில் கறி வாங்கப் பீங்கானோடு நிற்பார். அந்தப் பீங்கான் என் கையில் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். பிறகு அதே பீங்கானை அவள் கையில் வைத்துப் பார்த்தேன். படிவத்தில் நான் அவளை முதலில் கையெழுத்துப் போடச் சொன்னது அதற்குத்தான்.

உள்ளே போனபோது அவர்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவ பேர்லயே போடுங்க மேடம்" என்றேன். நான் நல்லவனாகிவிட்டதால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த டின்னைத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் படுக்க என்னால் முடியாது. வேறு காரணம் இல்லை.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துகளை ஒவ்வொன்றாக, அச்சு மாதிரி எழுதினாள். விரல்களில் கறை முழுசாகப் போயிருக்கவில்லை. நான் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் தவணையை என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோ ஓடும்வரை இனி மாதாமாதம் அதிலிருந்துதான் போக வேண்டும். அது யார் காசில் வாங்கிய ஆட்டோ என்பதை யாரும் அங்கே கேட்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தபோது அலுவலர் படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"இன்னும் ஒரு கட்டம் கிடக்குது. உங்களால வர ஏலாத மாசத்தில உங்களுக்குப் பதிலா காசு வாங்க ஆரையும் போடுறதோ? கட்டாயம் இல்லை. வழமையா புருசன்ர பேரத்தான் போடுறவை."

அவர் என்னைப் பார்த்து, என் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார். எனக்கும் பழக்கம், கை தானாகப் பைக்குள் போனது. அட்டையை எடுத்தேவிட்டேன்.

"வேணாங்க" என்றாள் என் மனைவி. "நானே வருவேன்."

"சரி அம்மா. அப்ப அதைச் சும்மா விட வேண்டாம். பிறகு ஆரும் எழுதிப்போடாம ஒரு கோடு போட்டுவிடுங்கோ."

அவள் குனிந்து, கட்டத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெதுவாக, நேராகக் கோடு போட்டாள். இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.